நாளையிலிருந்து வர வேண்டாம்

வேலையை விட்டு நிறுத்தப்படுவதில் அவளுக்கு நல்ல அனுபவம் இருந்தது.

துணி தைக்கும் ஆலையில் மேற்பார்வையாளர் மூக்கால் பேசுகிற ஆள். "உங்கள... நாளையிலேர்ந்து... நாங்க எதிர்பாக்கல" என்று சொல்லுக்குச் சொல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அனுப்பிவைத்தார். மின்விசிறி ஏன் அவர் தலைக்கு மேல் மட்டும் சுற்றுகிறது என்று இவள் கேட்டிருந்தாள். மருந்துக்கடை முதலாளியின் மனைவி பேச்சில் தேன் ஒழுகும். "கண்ணு, நீ தங்கமான பொண்ணு கண்ணு. உனக்கு இதவிட நல்ல எடமா கெடைக்கும் கண்ணு." ஒரே மூச்சில் இத்தனை கண்ணு வந்தால் பையைத் தேட வேண்டியதுதான். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அந்த மரியாதைகூட இல்லை. காலையில் போனபோது அவளுடைய துண்டும் டம்ளரும் கம்பிக் கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

எல்லா இடத்திலும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான். "நல்லதாப் போச்சு, நானே நின்னுக்கலாம்னுதான் இருந்தேன்." சொல்லிவிட்டுக் கையை வீசி நடப்பாள். தெருமுனை வரைக்கும் வீச்சு குறையாது. முனை திரும்பிய பிறகு என்ன ஆனது என்று யாரும் பார்த்ததில்லை.

நடுவில் ஒரு கல்யாணமும் ஆகியிருந்தது. அந்த மனிதர் முதலில், "நீ வேலைக்கெல்லாம் போக வேணாம், ராணி மாதிரி வீட்ல இரு" என்றார். ராணி வீட்டில் இருந்தாள். பிறகு, "ராணி இவ்ளோ சத்தமாப் பேசுவாளா?" என்றார். அப்புறம் ராணி பேசவே கூடாது என்று ஆனது. ஒரு நாள் ராணி ராஜ்யத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, மாற்றுத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்; பிறகு கோர்ட்டும் அதை முடித்து வைத்தது.

இத்தனைக்கும் பிறகுதான் தக்காளிப் பண்ணைக்கு வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் பட்டப் பெயர் வைத்தவர் லாரி டிரைவர். ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவள் ஒரு பெட்டியைக் கேட்ட சத்தத்தில், பின்னால் எடுத்துக்கொண்டிருந்த லாரியை அவர் நிறுத்திவிட்டார். "என் வண்டி ஹாரன் ரிப்பேர்ப்பா. இந்தம்மாவ முன்னாடி உக்கார வச்சா மாத்தவே வேணாம்." அன்றிலிருந்து ஹாரன். அவளைவிடச் சின்னவர்கள் ஹாரன் அக்கா என்றார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

முதலாளிக்கும் ஒரு பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. இஞ்சி. எப்போதும் அதைக் கடித்துக்கொண்டிருப்பது போன்ற முகம். அவரிடம் "வணக்கம் முதலாளி" என்றால் "ம்" என்பார். "மழை வரும்போல இருக்கு" என்றால் "வந்தா நனையும்." "காய்ப்பு நல்லா இருக்கு முதலாளி" என்றால் "அழுகறதுக்கு எவ்ளோ நேரம்?" நாற்பதைத் தாண்டியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று டிரைவர் ஒரு தடவை துணிந்து கேட்டதற்கு, "யாரும் கேக்கல" என்றார். அது வருத்தமா, நிம்மதியா என்று டிரைவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பண்ணை பெரிதல்ல. வரிசையாக நாலைந்து பிளாஸ்டிக் கூடாரங்கள். உள்ளே தக்காளிச் செடிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் ஏறியிருக்கும். பக்கவாட்டில் முளைக்கும் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கிள்ளுகிற கையில் பச்சையும் கறுப்புமாக ஒரு பிசின் ஏறும். கழுவினால் சோப்பு நுரை மஞ்சளாக வரும், கறை மட்டும் அப்படியே இருக்கும். கிள்ளுகிற வேலையை முதலாளி யாரிடமும் விட மாட்டார். ஹாரனுக்கு ஷெட்டில் வேலை, காம்புப் பிசினால் அங்கேயும் கைக்கு அதே கறைதான். நீளமான மேசையில் தக்காளியைக் கொட்டி நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். முழுப் பச்சை, தூரத்து ஊர் போகிற லாரிக்கு, அது 'காய்'. முழுச் சிவப்பு பக்கத்துச் சந்தைக்கு, அது 'பழம்'. இரண்டுக்கும் நடுவில், கன்னத்தில் மட்டும் லேசாகச் சிவந்திருக்கும் பாருங்கள், அதற்கு ஷெட்டுப் பெண்கள் வைத்திருந்த பெயர் 'வெக்கம்'. "இந்தப் பெட்டி வெக்கம், அத இங்க தள்ளு" என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

முதலாளிக்கும் ஹாரனுக்கும் முதல் சண்டை ஸ்டூலில் தொடங்கியது. நாள் முழுக்க நின்றுகொண்டே பிரித்தால் கால் வீங்குகிறது, உட்கார ஏதாவது வேண்டும் என்றாள்.

"இத்தன வருஷமா நின்னுட்டேதான் செய்யறாங்க."

"இத்தன வருஷமா வீங்கிட்டேதான் இருக்கு. நீங்க குனிஞ்சு பாக்கல, அவ்ளோதான். நம்பலன்னா ஒரு நாள் வந்து நின்னு பாருங்க."

மனிதர் நிஜமாகவே வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசாமல், காலையிலிருந்து லாரி கிளம்பும்வரை, மேசையின் ஓரத்தில் இஞ்சி முகத்தோடு தக்காளி பிரித்தார். வெக்கத்தையெல்லாம் பழத்தில் போட்டார். சாயங்காலம் தாங்கித் தாங்கி நடந்து போனதை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த வாரம் ஷெட்டில் ஸ்டூல்கள் வந்திருந்தன. உடைந்த பெட்டிப் பலகையில் அவரே அடித்தவை.

"ஒரு கால் குட்டை, ஆடுது" என்றாள் ஹாரன்.

எடுத்துப் போய் மற்ற கால்களைச் செதுக்கிக் கொண்டுவந்தார்.

"இப்ப இந்தக் கால் குட்டை."

மறுபடி செதுக்கினார். அவளும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் அது தரையோடு ஒட்டிய மணைக்கட்டையாகிவிட்டது. ஹாரன் அதில் உட்கார்ந்தபோது மேசைக்கு மேல் அவள் தலை மட்டும் தெரிந்தது. "இப்ப ஆடல" என்றாள். முதலாளியின் மீசைக்குக் கீழே ஏதோ ஒன்று அசைந்ததாக ஊசி பார்த்தாளாம். ஊசி என்றால் ஷெட்டிலேயே ஒல்லியானவள், கண்ணும் கூர்மை, பேச்சும் கூர்மை. "அது சிரிப்புடி, நான் சத்தியம் பண்றேன்." பக்கத்தில் இருந்த மூத்தவளுக்குக் காது மந்தம். எதைச் சொன்னாலும் "என்னது?" என்பாள், அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. "என்னது? சிரிச்சாரா? யாரு?" என்று அவள் கூடாரத்துக்கே கேட்கும்படி கேட்டாள்.

அதற்குப் பிறகு இருவரும் சண்டை போடாத நாளில்லை. தண்ணீர்க் குழாய் எங்கே வைப்பது, லாரியை யார் காக்க வைத்தது, டீயில் ஏன் சர்க்கரையே இல்லை. அந்தப் பக்கம் "ம்", இந்தப் பக்கம் முழு நீளப் பேச்சு. ஷெட்டில் எல்லோரும் கையால் தக்காளி பிரித்துக்கொண்டு காதால் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதலாளி ஒரு நாள் வராவிட்டால், "இன்னைக்கு நாடகம் இல்லையா?" என்று ஊசி கேட்பாள். அன்று ஹாரனுக்கும் வேலை ஓடாது. அதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பிறகு சோப்பு வந்தது. மெக்கானிக்குகள் கிரீஸ் போக்குகிற, மணல் மாதிரி நறநறக்கும் சோப்பு. குழாயடியில் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"என் கை நல்லா இல்லங்கறீங்களா?"

"என் கையும்தான் நல்லா இல்ல" என்றார் முதலாளி.

அவர் வாயில் அதற்கு மேல் காதல் மொழி வராது என்பது ஹாரனுக்கு அப்போது தெரியாது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டே போனாள்.

இப்படியிருக்க, ஒரு சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு ஹாரன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி ஷெட் வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். எங்கேயோ சாவு வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தாள். முகமும் அப்படித்தான் இருந்தது. தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார்.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்."

துணி மேசையிலேயே நின்றுவிட்டது.

"அக்காகிட்ட பேசிட்டேன். அவங்களுக்கும் சம்மதம்."

முதலாளியின் அக்கா என்றால் வீட்டுக்கும் பண்ணைக்கும் பொதுவான பயம். பக்கத்து ஊரில் இருந்துகொண்டே தம்பிக்குச் சட்டை நிறம்வரைக்கும் முடிவு செய்கிறவர். 'அந்தம்மா வேலைதானா இது?' என்று ஹாரனுக்கு எரிந்தது.

"ஓஹோ, உங்க அக்காவுக்கும் சம்மதமா? ரொம்ப சந்தோஷம்!"

"நெஜமாவா?" என்றார் முதலாளி. முகம் ஒரு மாதிரி விரிந்தது. "அப்போ நாளைக்கு..."

"ரொம்ப ரொம்ப சந்தோஷம்!" துணியை வாளியில் வீசினாள். அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது.

வீட்டில் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"போச்சா?"

"போச்சு."

"இந்தத் தடவ என்ன சொல்லித் தொலச்ச?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"நீயா?" அம்மா எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லியே. சரி விடு. வழக்கமா சொல்றதயாவது சொல்லிட்டு வந்தியா? நானே நின்னுக்கலாம்னு இருந்தேன்னு?"

அப்போதுதான் ஹாரனுக்கு உறைத்தது. சொல்லவில்லை. வாயில் வரவே இல்லை. மூக்குக்காரரிடம் வந்தது, தேன் ஒழுகியவளிடம் வந்தது, இவரிடம் வரவில்லை. சொல்லியிருந்தால் அது பச்சைப் பொய். அந்த மேசை, அந்தக் குட்டை ஸ்டூல், சர்க்கரை இல்லாத டீ, அந்த "ம்", எதையும் விட்டுவிட்டு வர அவளுக்கு இஷ்டமில்லை. ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் போ என்றதும் போனாள். கௌரவமாகப் போனோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால், போகச் சொன்னவர்களுக்கு அதைவிட வசதி வேறென்ன?

"அம்மா, நாளைக்கு எனக்குச் சாப்பாடு கட்டணும்."

"எங்க போற?"

"வேலைக்குத்தான்."

"வர வேணாம்னு சொன்னாங்கன்னு இப்பத்தானடி சொன்ன?"

"சொன்னாங்க. நான் வர்றேன்னு சொல்லப் போறேன்."

"ரெண்டு பேருக்காக் கட்டறேன். அடி விழுந்தா தெம்பா இருக்கணும்" என்று அம்மா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஹாரன் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். ஷெட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வர வர விஷயத்தைச் சொன்னாள். ஊசி கேட்டதும் மேசைமேல் இருந்த தக்காளியைத் திரும்பப் பெட்டியில் போட்டாள். "ஹாரன் அக்காவ அனுப்பிட்டு இந்த மேசை ஓடிருமா? பாக்கலாம்." எல்லோரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "என்னது? எதுக்கு உக்காரணும்?" என்றாள் என்னது. ஊசி காதோரம் கத்தினாள். "அக்காவுக்கு வேல போச்சு!" "அடப்பாவி!" என்று அவளும் உட்கார்ந்தாள். லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது நேரமாகும் என்று சீட்டில் காலை நீட்டிக்கொண்டார்.

அப்போது தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. யாரென்று பார்த்தால் முதலாளி! இஞ்சி விசிலடித்துக்கொண்டு வருகிறது. டிரைவரைப் பார்த்து, "வணக்கம்ப்பா, நல்லா இருக்கியா?" என்று அவரே முந்திக்கொண்டு கேட்டார். டிரைவர் பயந்துபோய்க் காலைக் கீழே இறக்கினார்.

"பாருடி, ஒருத்தி வயித்துல அடிச்சிட்டு வர்ற சந்தோஷத்த" என்றாள் ஊசி.

ஷெட்டுக்குள் வந்தவர் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார், நடுவில் ஹாரனைப் பார்த்தார். விசில் பாதியில் நின்றது.

"நீ எதுக்கு வந்த?"

"வேலைக்கு."

"நான் வர வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நான் வந்துட்டேன்."

"ஹாரன் அக்காவ அனுப்பினா நாங்க யாரும் கை வைக்க மாட்டோம் முதலாளி" என்றாள் ஊசி. "தக்காளி இங்கயே பழுத்து, இங்கயே அழுகட்டும்."

முதலாளி ஒன்றும் புரியாமல் ஹாரன் பக்கம் திரும்பினார். "நேத்து நீதான ரொம்ப சந்தோஷம்னு சொன்ன? ரெண்டு தடவ சொன்னியே!"

"அது கோவத்துல சொன்னது!"

"கோவமா?" அவர் முகத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் வடிந்து பழைய இஞ்சி திரும்பி வந்தது, ஆனால் இது வேறு இஞ்சி, அடிபட்ட இஞ்சி. "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கையப் புடிச்சா இழுத்தேன்? ஒருத்தன் கல்யாணத்துக்குக் கேட்டதுக்கு ஊரக் கூட்டி உக்கார வச்சுப் போராட்டமா பண்ணுவாங்க?"

ஊசி ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"என்னது?" என்றாள் என்னது. இந்தத் தடவை எல்லோரும் அதையேதான் கேட்டார்கள்.

"என்ன கல்யாணம்?" என்றாள் ஹாரன். அவள் குரல் இவ்வளவு சின்னதாக வந்து யாரும் கேட்டதில்லை.

"நம்ம... அதான்... வீட்டுக்கு வந்துட்டா அப்புறம் எதுக்கு ஷெட்டுக்கு வரணும்? அதத்தான் நேத்து சொன்னேன்."

"வேலைக்கு வர வேணாங்கறத மட்டுந்தான் சொன்னீங்க. முன்பாதிய எங்க வச்சீங்க?"

"அது... கஷ்டமா இருந்துச்சு. லேசானத மொதல்ல சொன்னேன். மீதிய சொல்றதுக்குள்ள நீ போயிட்ட."

"என்னது? சத்தமா சொல்லுங்க!" என்றாள் என்னது.

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்க வந்தேன்!" என்று முதலாளி கத்தினார். கூடாரத்து மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அவர் காது மடலிலிருந்து கழுத்துவரை நிறம் மாறியதை ஊசி மட்டும் விடவில்லை. "காய்னு நெனச்சோமே... வெக்கம்டி! சுத்தமான வெக்கம்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹாரனுக்கும் உள்ளே எதுவோ துள்ளியது. சோப்பு மணக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த மனுஷனா, என்னையா, இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தாரே, சாவு வீட்டுக்கு என்று நினைத்தேனே. ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால் அங்கேயே தலையாட்டியிருப்பாள்.

ஆனால் அந்த வாக்கியம் காதை விட்டுப் போகவில்லை. வேலைக்கு வர வேணாம். அதே வாக்கியத்தை ஏற்கெனவே ஒருத்தர் ஆசையாகச் சொல்லித்தான் அழைத்துப் போனார்.

"அப்போ இது இன்னும் மோசம்" என்றாள். குரல் பழைய அளவுக்கு வந்துவிட்டது. "வேலைய விட்டுத் தூக்கினீங்கன்னு நெனச்சேன். இப்பப் பாத்தா, கல்யாணமும் பண்ணி, வேலைய விட்டும் தூக்கறீங்க!"

"உன்னக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு..."

"நான் கஷ்டம்னு சொன்னேனா? கால் வீங்குது, ஸ்டூல் வேணும்னு சொன்னேன். ஸ்டூல் கேட்டவளுக்கு யாராவது வீட்டுக்குப் போன்னு சொல்லுவாங்களா? ஒரு தடவ ராணியா இருந்து பாத்துட்டேன் முதலாளி. மொதல்ல வேல போகும், அப்புறம் பேச்சு போகும். இன்னொரு தடவ என்னால ஆகாது."

இந்த நேரம் பார்த்தா முதலாளியின் அக்கா வர வேண்டும்? வந்தார். கையில் பழக்கூடையும் முகத்தில் பெரிய சிரிப்புமாக, தேதி குறிக்க வந்தவர், கையைக் கட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைக் கண்டு நின்றார்.

"என்னடா இது? பொண்ணு இன்னும் தக்காளிக்கு நடுவுல உக்காந்துருக்கு?"

"அவ வேலைய விட மாட்டேங்கறாக்கா."

"விட மாட்டாளா?" அக்கா ஒவ்வொரு சொல்லையும் சலித்து எடுத்துப் பேசுகிறவர். "ஏம்மா, நான் நல்ல மனசோடதான் சரின்னேன். இவன் அடம் புடிச்சான், ஒத்துக்கிட்டேன். ஆனா எங்க வீட்டுக்கு வர்றவ கூலிக்காரங்களோட சரிக்குச் சரியா உக்காந்து, வாராவாரம் என் தம்பிகிட்டயே கை நீட்டிச் சம்பளம் வாங்கினா நல்லாவா இருக்கும்? நீ வேலக்காரியா, வீட்டுக்காரியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

ஷெட் மொத்தமும் ஹாரனைப் பார்த்தது. முதலாளியும் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டும் குரலைக் குறைக்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணுதான்னா வேலக்காரி. அதுலதான் லீவு உண்டு."

ஊசி 'ஊ' என்று கத்தியே விட்டாள். அக்காவின் முகம் கறுத்தது.

"கேட்டியாடா? இந்த வாய வச்சுக்கிட்டு நீ எப்படிக் குடும்பம் நடத்துவ? நாளைக்கு ஊரு என்ன சொல்லும்?"

பேசாமல் இருப்பது முதலாளிக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் கிளம்புவது மாதிரி.

"ஊரு என்னிக்குக்கா என்கிட்டப் பேசியிருக்கு?" என்றார். "வீட்ல நான் ஒருத்தன். எனக்கு நானே 'ம்' போட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு அந்த வாய்தான் வேணும். அது இல்லாம வந்தா அவ எதுக்கு?"

"அப்போ வேல?"

"அவ பாக்கட்டும்."

"சம்பளம்?" இது ஹாரன்.

"உண்டு."

"என்னது?" என்றாள் என்னது.

"உண்டும்மா, உண்டு! சம்பளம் உண்டு! நேத்து சொன்னத வாபஸ் வாங்கிட்டேன்! வேலைக்கு வா, நாளைக்கும் வா, என்னிக்கும் வா!" மேசையைத் தட்டினார். ஒரு பழம் உருண்டு கீழே விழுந்து நசுங்கியது. வழக்கமாக அதற்கு அரை நாள் முணுமுணுப்பவர், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டார். "நான் தேதி பாக்க வந்தேன். தக்காளிச் சண்ட பாக்க வரல."

"ஒரு பெட்டி எடுத்துட்டுப் போக்கா" என்றார் தம்பி, உண்மையாகவே உபசாரமாக. அக்கா எடுக்காமல் போனார். வாசல்வரை போய், திரும்பி வந்து, ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு போனார். அதுவும் பழம். தேர்ந்துதான் எடுத்தார்.

லாரி டிரைவர் வெளியிலிருந்து ஹாரன் அடித்தார்; சரிபண்ணிவிட்டார் போல. பெண்கள் கையைப் பிரித்து மேசைக்குத் திரும்பினார்கள். முதலாளி மட்டும் நகராமல் நின்றார்.

"அப்போ... அந்த இன்னொரு விஷயம்?"

"எந்த விஷயம்?" என்றாள் ஹாரன், காயைக் காயோடு தள்ளிக்கொண்டே.

"அதான்..."

"வேல நேரத்துல சொந்த விஷயம் பேசக் கூடாது முதலாளி. லாரி நிக்குது பாருங்க."

அன்றைக்கு முதலாளிக்கு வேலையே ஓடவில்லை. கூடாரத்துக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். எப்போதும் கொழுந்தை மட்டும் பார்த்துக் கிள்ளுகிறவர், ஒரு செடியின் தலையையே கிள்ளிவிட்டு அதை எடுத்துக்கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் மண்ணில் புதைத்தார். ஊசிக்குத் தெரிந்தது. ஷெட்டில் ஹாரன் பாட்டுக்கு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள், கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி. "சொல்லித் தொலைங்கக்கா, பாவம் மனுஷன்" என்றாள் ஊசி. "பாவமா? நேத்து ராத்திரி நான் எப்படி இருந்தேன் தெரியுமா? ஒரு பகலாச்சும் இருக்கட்டும்."

உள்ளுக்குள் அவள் யோசித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆள் மாறுவாரா என்று யோசித்தாள். மாற மாட்டார். நாளைக்கே வேறு எதற்காவது 'வேணாம்' என்பார், இஞ்சி மூஞ்சி காட்டுவார், பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குவார். ஆனால் அவள் 'மாட்டேன்' என்று உட்கார்ந்ததைப் பார்த்த பிறகும், எல்லோர் முன்னாலும், அக்காவுக்கு எதிரே நின்று, அந்த வாய்தான் வேணும் என்றாரே. வாயை மூடு என்று சொன்னவர்களையே பார்த்தவளுக்கு அது புதுசு. சண்டை போட்டால் நிற்கிற ஆள். சண்டை போடவும் இவளுக்கு அலுக்காது.

சாயங்காலம் எல்லோரும் குழாயடியில் கை கழுவினார்கள். முதலாளி கடைசியில் வந்து ஓரமாக நின்றார். ஹாரன் நுரை வழிகிற கையோடு அவர் எதிரே போய் நிமிர்ந்து நின்றாள். குழாயடி மொத்தமும் தண்ணீரை மூடிவிட்டுக் காதைத் திறந்துகொண்டது.

"முதலாளி, எனக்கு லீவு வேணும்."

"லீவா?" திடுக்கிட்டார். "இப்பத்தான வேல வேணும்னு சண்ட போட்ட? எதுக்கு லீவு?"

"கல்யாணம்."

"யாருக்கு?" என்று கேட்டார். உண்மையாகவேதான் கேட்டார், ஊசி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்கு. இந்தப் பண்ணைல ஒரு சிடுமூஞ்சி இருக்கார், அவருக்கும்."

முதலாளி சோப்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மீசைக்குக் கீழே வந்ததை இந்தத் தடவை எல்லோருமே பார்த்தார்கள். ஆனாலும் மனிதர் விடுவாரா?

"சீசன் நேரம். லீவெல்லாம் சும்மா தர முடியாது" என்றார். "யோசிச்சுத்தான் சொல்லணும்."

"நல்லா யோசிங்க" என்றாள் ஹாரன், கையை உதறிக்கொண்டே. "தரலன்னாலும் நான் எடுத்துப்பேன். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் வேலைக்கும் வந்துருவேன். அத இப்பவே சொல்லிடறேன்."